சேம அச்சு

திண்டிவனத்தில் வீடு; விழுப்புரத்தில் வேலை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்று மூச்சு வாங்கிச் செல்லும் பாசஞ்சர் வண்டியில் பதினைந்து ஆண்டுகளாகப் போய்வருகிறோம். காலையில் ஏற்றப்பட்டு மாலையில் இறக்கப்படும் ஒருவகைச் சரக்கு என்றே நம்மை நாம் கருதிக்கொள்வதுண்டு. சரக்குப் போக்குவரத்தைப் பற்றி எழுத இந்த ஒரு தகுதி போதும் என்று நினைக்கிறோம்.

இப்பக்கத்து நண்பர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது பழம்பாடல் ஒன்றுக்கு விளக்கம், அல்லது புதிதாக வந்த நாவல் ஒன்றின் மீது சிறு முணுமுணுப்பு. இம்முறை கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதுகிறோம். அதிர்ச்சி வேண்டா. எங்கே சுற்றினாலும் கடைசியில் சங்க இலக்கியத்தில்தான் வந்து நிற்போம்; நமக்கு வேறு போக்கிடம் கிடையாது.

மகன் எட்டாம் வகுப்பில் படித்தபோது வீட்டுப் பழங்கணினியில் 'ஃப்ரீசிவ்' என்ற விளையாட்டை எங்கிருந்தோ கொண்டுவந்து நிறுவினான். 1991இல் வெளிவந்த, சிட் மெய்யர் உருவாக்கிய 'சிவிலைசேஷன்' விளையாட்டைப் பின்பற்றி டென்மார்க் நாட்டு ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் எழுதி 1996இல் வெளியிட்டது அது. காசு கொடுக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் கணினி போன்ற முதியவர்களும் அதைச் சுமந்து நடப்பார்கள். சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது. ஆகவே கைவேகம் தேவையில்லை. நம் முறை வந்தால் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தும் காயை நகர்த்தலாம். நாற்பதைக் கடந்த ஆசிரியர்களுக்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு.

நகரங்களை நிறுவி, நிலத்தைத் திருத்தி, கல்வி வளர்த்து, அண்டை நாட்டாரோடு உறவாடியோ சண்டையிட்டோ ஒரு நாகரிகத்தை வளர்ப்பதுதான் ஆட்டம். நம் நகரங்களுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்று தெரிந்தவுடன் மகனிடமிருந்து விசைப்பலகையை வாங்கி, முதல் நான்கு நகரங்களுக்குக் கிடங்கில், எயில்பட்டினம், ஆமூர், வேலூர் என்று பெயரிட்டோம். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாடிய நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டு ஊர்கள். அந்தக் கிடங்கில்தான் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள் கிடங்கல் என்ற பெயரோடு இருக்கிறது. எயில்பட்டினம் மரக்காணத்தையொட்டிய பகுதி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மகனுக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை. "பேர் வச்சாச்சா? இப்ப தானியத்தைப் பாருங்கப்பா" என்றான்.

*

இந்த ஆட்டத்தில் நமக்கு மிகவும் பிடித்த காய் யானையோ பீரங்கியோ அன்று. ஒட்டகத்தோடு நிற்கும் ஒரு வணிகக் கூட்டம். ஆங்கிலத்தில் கேரவன். தமிழில் அதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையான சொல் இருக்கிறது: சாத்து. இனி அவ்வாறே அழைப்போம்.

சாத்துக்குச் சண்டையிடத் தெரியாது. ஒரு முறைக்கு ஒரு கட்டம்தான் நகரும். அதைச் செய்து முடிக்க ஒரு நகரம் 50 உற்பத்திப் புள்ளிகளைச் செலவிட வேண்டும். எதற்கு இது என்றுதான் தொடக்கத்தில் நினைத்தோம். அதன் பயன் இரண்டு. ஒன்று, தொலைவிலுள்ள நகரத்துக்குப் போய் வணிகவழி ஏற்படுத்தலாம். சென்று சேர்ந்தவுடன் ஒரு தொகை கிடைக்கும், பிறகு முறைதோறும் சிறு வருவாய் வரும். தொலைவு கூடக் கூட, இரு நகரங்களும் செழிக்கச் செழிக்க, அத்தொகையும் கூடும். மற்றொன்று, ஏதேனும் ஒரு நகரத்தில் அதிசயம் எழும்பிக்கொண்டிருந்தால் சாத்து அங்கே சென்று தன்னையே கரைத்துக்கொள்ளலாம். அப்போது அதற்குச் செலவிட்ட 50 புள்ளியும் குறைவின்றி அந்தக் கட்டடத்தில் சேரும். மற்றக் காய்களை இப்படிக் கலைத்தால் பாதிதான் தேறும். சாத்து ஒன்றுதான் முழுப் பயனைத் தரும்.

இதன் பொருளை உணர நமக்கு மூன்று ஆட்டம் தேவைப்பட்டது. 300 புள்ளி கேட்கும் ஓர் அதிசயம் என்று வைத்துக்கொள்வோம். முறைக்கு 5 புள்ளி விளைவிக்கும் சிற்றூர் அதைத் தனியே கட்ட 60 முறை ஆகும். அதற்குள் அண்டை நாட்டான் கட்டி முடித்துவிடுவான். அதே அளவுள்ள ஆறு ஊர்கள் ஆளுக்கு ஒரு சாத்து செய்தால் பத்தே முறையில் ஆறும் தயார். வழிநடைக்குச் சில முறை கூட்டிக்கொள்ளலாம். ஏழை ஊர்கள் சேர்ந்து செய்யக்கூடிய ஒரே பெருஞ்செயல் இது. தனி ஊரின் வலிமையில் வராதது, ஊர்களுக்கு இடையிலுள்ள வழியில் வருகிறது.

ஆனால் சாத்தை ஆள்வதில் நுட்பங்கள் உண்டு. நாம் தோற்றுத் தோற்றுக் கற்றவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, பாதை. வெற்று நிலத்தில் முறைக்கு ஒரு கட்டம் போகும் சாத்து, சாலையில் மூன்று கட்டம் போகும். எனவே சாத்து செய்யத் தொடங்குமுன் உழைப்பாளிக் காய்களை அனுப்பிச் சாலை போட்டுவிட வேண்டும். சாலை இல்லாமல் சாத்து செய்வது, பேருந்து நிலையம் கட்டிவிட்டுப் பேருந்துக்குக் காத்திருப்பது போல.

இரண்டாவது, காத்திருக்கும் சாத்துக்கும் செலவு உண்டு. படைகளைப் போலவே சாத்தும் தன் ஊரின் விளைச்சலில் ஒரு பங்கைத் தின்னக்கூடும். போகுமிடம் முடிவாகாமல் நான்கு சாத்தைச் செய்து நிறுத்திவைத்தால் ஊர் மெல்ல இளைக்கும். இதை நாம் நேரிலும் கண்டிருக்கிறோம். முண்டியம்பாக்கத்து ஆலைக்கு முன் அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கும். வெட்டிய கரும்பு நிற்க நிற்க எடையும் இழக்கும், சாறும் குறையும். இரயில் சன்னலில் அந்த வரிசையைக் காணும்போதெல்லாம் நம் ஆட்டத்துச் சாத்துகள் நினைவுக்கு வரும்.

மூன்றாவது, பொன் கொடுத்து விரைவுபடுத்துதல். மிச்சமுள்ள வேலை மிகுதியாக இருந்தால் அதை முடிக்கக் கேட்கும் விலை அதைவிட வேகமாக ஏறும். இன்னும் தொடங்காத ஒன்றை விலைக்கு வாங்கினால் இரட்டிப்புத் தண்டம். ஆகவே அதிசயத்தை நேரடியாக வாங்கப் பார்ப்பது பேதைமை. ஊர்களில் பாதி முடிந்த சாத்துகளுக்குச் சிறுசிறு தொகை கொடுத்து முடித்து அனுப்புவதே சிக்கனம்.

நான்காவதுதான் நாம் கற்க மறுத்தது. காவலற்ற காய்கள் பல ஒரே கட்டத்தில், கோட்டைக்கும் ஊருக்கும் வெளியே நிற்குமானால், பகைவன் ஒரு முறை தாக்கி வென்றாலே போதும். அந்தக் கட்டத்தில் நிற்கும் அத்தனையும் அழியும். ஒன்று சாகாது, எல்லாம் சாகும்.

கிடங்கிலில் பெருநூலகம் எழுப்ப ஆசைப்பட்டோம். அலெக்சாண்டிரியாவில் எரிந்துபோனதை ஓய்மாநாட்டில் கட்டுவோம் என்ற தமிழாசிரியக் கனவு. ஆறு ஊர்களிலிருந்து ஆறு சாத்து புறப்பட்டு, கிடங்கிலுக்கு இரு கட்டம் முன்பாக ஒன்றுசேர்ந்தன. ஒன்றாகப் போய் நுழைந்தால் ஒரே முறையில் நூலகம் எழும்பும், பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக முன்னே வந்தவற்றைப் பின்னே வருபவற்றுக்காகக் காக்க வைத்தோம். மகன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, "அப்பா, எல்லாத்தையும் ஒரே எடத்துல நிக்க வச்சிருக்கீங்க" என்றான். "தெரியும், இதோ அடுத்த முறை உள்ளே போய்விடும்" என்றோம். அடுத்த முறை வருமுன் காட்டிலிருந்து ஒரேயொரு குதிரைவீரன் வந்தான். ஆறு ஊரின் உழைப்பு ஒரு கணத்தில் இல்லாமல் போயிற்று. மகன் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் குனிந்து எழுதத் தொடங்கினான். அந்த மௌனத்துக்கு அவன் சிரித்திருக்கலாம்.

*

நிற்க. சாத்தை ஆளத் தெரிந்தவர்கள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். உமணர்.

நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடு முழுதும் கொண்டுசென்றவர்கள் அவர்கள். வண்டிகளின் அந்த நீண்ட வரிசைக்கு ஒழுகை என்று பெயர். மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வெண்குவியல்களைப் பார்த்திருப்பார்கள். அந்த உப்பு உள்நாட்டுக்குப் போன வழிகளுள் ஒன்று நம் ஊரைத் தொட்டே சென்றிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வதில் நமக்கு ஓர் ஊர்ப்பெருமை. சிறுபாணாற்றுப்படையிலேயே உமணரின் வண்டிகளோடு வந்த மந்தி ஒன்று உமணப் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடும் காட்சி வருகிறது. குரங்கையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால், அது ஒருநாள் பயணமன்று. வழியே அவர்களுக்கு வீடு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டி ஒன்றை அச்சு, ஆரக்கால், மேற்கூரை என்று ஒரு தச்சனின் கண்ணோடு பார்த்துச் சொல்கிறார். கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வண்டியில் ஊறுகாய்ப் பானை தொங்குகிறது. வழிக்கென்று பல எருதுகள் உடன் வருகின்றன. சரக்கு, ஓட்டுநர், வழியுணவு, மாற்று மாடு: ஒரு சாத்துக்கு வேண்டியவை அத்தனையும் அந்தச் சில வரிகளில் இருக்கின்றன. அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில், உப்பை விற்று நெல் கொண்டுவந்த படகுகள் காவிரிப்பூம்பட்டினத்துக் கழிக்கரையில் கட்டி நிற்கின்றன. போகும்போது உப்பு; திரும்பும்போது நெல். வெறும் வண்டியும் வெறும் படகும் ஓட்டுவது அவர்கள் கணக்கில் இல்லை.

இதை நமக்கு முதலில் கற்பித்தது பட்டினப்பாலை அன்று, நம் தந்தையார். இளமையில் அவருக்கு ஒரு வண்டியும் ஒரு சோடி மாடும் இருந்தன. மரக்காணத்து உப்பை ஏற்றித் திண்டிவனம் வழியாகச் செஞ்சிச் சந்தை வரை ஓட்டுவார். திரும்பும்போது மல்லாட்டை மூட்டைகளைத் திண்டிவனம் மண்டியில் இறக்குவார். மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மல்லாட்டை கிடைக்காத நாளில் விறகாவது வைக்கோலாவது ஏற்றாமல் வண்டியைத் திருப்பமாட்டாராம். "போற பாரம் வண்டிக்காரனுக்குடா; வர்ற பாரந்தான் மாட்டுக்கு" என்பார். போகும் கூலியில் குடும்பம் சாப்பிடும், வரும் கூலியில்தான் மாட்டுக்குத் தீவனம் என்பது பொருள். வண்டியின் அடியில் ஒரு சாக்குப் பையில் கயிறும் உளியும், மாற்றுக் கடையாணிகள் இரண்டும் எப்போதும் தொங்கும். வண்டியை விற்ற பிறகும் ஒரு கடையாணியை மட்டும் வைத்திருந்தார். அது நம் வீட்டில் இப்போதும் இருக்கிறது.

புறநானூற்றின் 102ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் அந்தச் சாக்குப் பையைத்தான் மாணவர்களுக்குச் சொல்வோம். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. எருதோ இளையது, நுகம் பழகாதது. வண்டியிலோ பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும் என்று எண்ணி, உமணர் வண்டியின் கீழே இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அதன் பெயர் சேம அச்சு. அத்தகையவன் நீ என்று இளவரசனைப் பார்த்துச் சொல்கிறார் ஔவையார். யானை, புலி, ஞாயிறு என்று உவமைக்கு எத்தனையோ இருக்க, வண்டிக்கடியில் புழுதிபட்டுத் தொங்கும் ஒரு கட்டையை அரசமகனுக்கு உவமையாக்கும் துணிவு ஔவையாருக்கு இருந்தது.

போர் வரலாறும் இதையேதான் சொல்கிறது. நமக்கு அருகிலுள்ள செஞ்சிக் கோட்டையைச் சுல்பிகார்கானின் முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்தது. உள்ளே இருந்த இராசாராமுக்குக் களஞ்சியங்கள் இருந்தன. செஞ்சிக்குப் போகிறவர்கள் இன்றும் அவற்றைக் காணலாம். வெளியே இருந்தவர்களுக்கோ வண்டிகள்தாம் களஞ்சியம். மராட்டியக் குதிரைப்படை வழிகளை மறித்தவுடன், முற்றுகையிட்டவர்களே பட்டினியில் வீழ்ந்து 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 1791 மே மாதத்தில், காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போய்விட்டு, இழுவை மாடுகள் செத்துத் தானியம் தீர்ந்ததால் தம் பெரும் பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுத் திரும்பினார். மறுமுறை அவரைக் காத்தவர்களுள் முக்கியமானவர்கள், பொதிமாடுகளில் தானியம் கொண்டுவந்த பிரிஞ்சாரிகள் என்னும் இலம்பாடி வணிகர்கள். வெற்றியில் காரன்வாலிஸின் பெயர் இருக்கிறது. பொதிமாட்டின் பெயர் யாருக்கும் தெரியாது.

*

இவ்வளவும் தெரிந்த ஒருவர் என்ன செய்தார் என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும். எழுத வந்ததே இதற்காகத்தான். இதுவரை சுற்றி வளைத்தது கூச்சத்தால்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் பதிவான மழை 50 செ.மீ.யை ஒட்டியது. டிசம்பர் 2ஆம் நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் தண்டவாளத்தைத் தொட, நாம் நாள்தோறும் போகும் வழியே நின்றுபோயிற்று. அன்று விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை மீறியது. அரசூர்ப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையின் மேலேயே ஆறு ஓடியது.

நீர் வடியத் தொடங்கியதும் மாணவர்களும் நாங்களும் சேர்ந்து பொருள் திரட்டினோம். அரிசி, பாய், போர்வை, பால்மாவு, ரொட்டி, மெழுகுவத்தி, தண்ணீர்க் குடுவைகள். மூன்று குட்டியானை வண்டிகள் நிறைந்தன. பொறுப்பு நம்முடையது. எங்கே போவது என்று கேட்டபோது, "நெடுஞ்சாலையிலேயே போவோம், பாதிக்கப்பட்ட ஊர் கண்ணில் படும்" என்று சொன்னவர் நாம்தாம். மூன்றையும் மூன்று பக்கம் அனுப்பலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். "வேண்டா, ஒன்றாகவே போவோம்" என்றோம். பாதுகாப்பு என்று காரணம் சொன்னோம். உண்மையில், மூன்று வண்டியும் பதாகையோடு வரிசையாகப் போகும் படம் ஒன்று வேண்டும் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது.

சாலையோர ஊர் ஒன்றில் மறித்தார்கள். மறித்தவர்கள் மீது குற்றமில்லை. அவர்கள் வீட்டிலும் சேறு. அரை மணி நேரத்தில் மூன்று வண்டியும் காலி. முன்னால் நின்ற வலியவர்களுக்கு இரண்டு போர்வை, பின்னால் நின்ற கிழவிக்கு ஒன்றுமில்லை. காலையிலிருந்து அதே ஊரில் வேறு இரண்டு வண்டிகள் இறக்கிவிட்டுப் போனதாக டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். மூன்று காலி வண்டிகள் நாற்பது நிமிடம் ஓடித் திரும்பி வந்தன. நல்ல செயல் செய்த களைப்போடு உறங்கினோம்.

கல்லூரி மீண்டும் திறந்த அன்று, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் வருகைப்பதிவு முடிந்ததும் வந்து நின்றார். பொருள் திரட்டுவதற்கு ஒருநாள் முழுக்க உடனிருந்தவர் அவர். மூட்டைகளில் பாதி அவர் கட்டியது. பிறகு வழி திறந்ததும் ஊருக்குப் போயிருந்தார்.

"ஐயா, நீங்க நின்ன ஊர்லேர்ந்து உள்ளார நாலு கிலோமீட்டர்தாங்கய்யா எங்க ஊரு" என்றார்.

"அங்கே உதவி வரவில்லையா?"

"மூணு நாள் கழிச்சு ஒரு வண்டி வந்துச்சுங்கய்யா. பாய் மட்டும் இருந்துச்சு. எங்க ஊர்ல எல்லார் வீட்லயும் பாய் இருக்கு, படுக்கத்தான் தரையில்ல."

சற்று நின்று, "ரோட்ல வண்டி நிக்கறத எங்க தம்பி பார்த்துட்டு வந்து சொன்னாங்கய்யா. நான் கட்டுன மூட்டையாத்தான் இருக்கும்னு அம்மாகிட்ட சொன்னேன்" என்றார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. ஒரு செய்தியைச் சொல்வது போலச் சொன்னார். அன்று நடத்த வேண்டிய பாடம் எது என்பதே நமக்கு மறந்துபோயிற்று.

சாலை போடாமல் சாத்து விட்டோம். போகுமிடம் அறியாமல் புறப்பட்டோம். எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் நிறுத்தினோம். வெறும் வண்டியாகத் திரும்பினோம். கணினியில் குதிரைவீரன் செய்ததை இங்கே நாமே செய்துகொண்டோம். இருபது ஆண்டு உமணரை நடத்திய வாய். அது வாய் மட்டுந்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் மறுபடி போனோம். இம்முறை ஒரேயொரு வண்டி. முன்னதாக அந்த மாணவியே ஊரில் வீடு வீடாகக் கேட்டு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். அதில் அரிசி கடைசியில் இருந்தது. முதலில் இருந்தவை: மண்ணெண்ணெய் அடுப்பு, தார்ப்பாய், சேற்றுப்புண்ணுக்கு மருந்து, குளோரின் மாத்திரை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவருக்குப் பாடநூல்கள். நாமாகச் சிந்தித்திருந்தால் பாடநூல் நம் நினைவுக்கு வந்திருக்காது. இத்தனைக்கும் நாம் ஆசிரியர். வண்டி நெடுஞ்சாலையை விட்டு இறங்குமிடத்தில், சொல்லிவைத்தபடி ஊரிலிருந்து ஒரு டிராக்டர் வந்து காத்திருந்தது. கடைசி இரண்டு கிலோமீட்டர்ச் சேற்றில் குட்டியானை போகாது; போகும் வாகனத்துக்குச் சரக்கை மாற்றினோம். மாற்றுச் சக்கரமும் கயிறும் மண்வெட்டியும் வைத்திருந்தோம். மண்வெட்டி இரண்டு முறை பயன்பட்டது. தந்தையாரின் கடையாணியைப் பையில் போட்டுக்கொண்டு போனதை இங்கே மட்டும் சொல்கிறோம். அந்த வண்டியில் அது எதற்கும் பொருந்தாது.

திரும்பும்போது வண்டி வெறுமையாக வரவில்லை. காய்ச்சல் கண்ட இரு குழந்தைகளையும் அவர்கள் தாயையும், காலில் புண்ணோடு இருந்த மூதாட்டி ஒருவரையும் ஏற்றிக்கொண்டு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் இறக்கினோம். நனைந்து ஒட்டிப்போன சான்றிதழ்களின் விவரங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தோம். நகல் கேட்டு விண்ணப்பிக்கும் வேலையை மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சரக்கின் எடையைப் பார்த்தால், முதல்நாள் கொண்டுபோனதில் கால்பங்குகூட இராது.

வீட்டில் மகனிடம் இதைச் சொன்னோம். கேட்டுவிட்டு, "முதல் தடவையே அந்த அக்காகிட்ட கேட்டிருக்கலாமேப்பா" என்றான். ஆம். ஆறு சாத்துக்குச் சிரிக்காதவன் இதற்கும் சிரிக்கவில்லை.

பிறகு நடந்த உள்தேர்வில் சேம அச்சுப் பாடலுக்கு விளக்கம் கேட்டிருந்தோம். பெரும்பாலோர் உரையை ஒப்பித்திருந்தார்கள். அந்த மாணவி உரையை எழுதி முடித்துவிட்டு, எந்த உரைநூலிலும் இல்லாத இரண்டு வரிகளைக் கீழே சேர்த்திருந்தார்:

"அச்சு முறிந்தால் அது வண்டிக்காரருக்குத் தெரியும். உப்புக்காகக் காத்திருக்கும் ஊருக்குத் தெரியாது."

ஐந்துக்கு ஐந்து போட்டோம். அந்த விடைத்தாளை மட்டும் ஒருநாள் கூடுதலாக நம்மிடம் வைத்திருந்து, திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தோம்.